குதிரைக்கு இட்லி போடாதீங்க ஆயா!

ராயபுரம்னு சொன்னதும் உங்களுக்கு என்னங்க ஞாபகம் வரும்? 1856-ல் திறந்த, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம்? காசிமேட்டு வஞ்சிரம்? ராயப்பர் சர்ச்? 'அதெல்லாம் தெரியாது பாஸ், சினிமாவுல அருவாளோட துரத்துவாங்களே, அந்த ஏரியாதானே?'ன்னு கேட்கற பார்ட்டியா நீங்க? அப்போ கண்டிப்பா ஒரு தடவை வந்து பார்க்கணும். இங்கே மீன் வாசனைக்கும் கன்டெய்னர் லாரிப் புகைக்கும் நடுவுல மூணாவதா ஒரு வாசனை அடிக்கும். குதிரை லத்தி!

யெஸ். சென்ட்ரல்ல இறங்கி ஜட்கா பிடிச்சு வீட்டுக்குப் போன காலமெல்லாம் தாத்தாக்களோட போச்சு. ஆனா, குதிரை மட்டும் வடசென்னையை விட்டுப் போகவே இல்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் சந்து சந்தா நுழைஞ்சா, எங்கேயாவது ஒரு தகரக் கொட்டகையில ஒரு வால் ஆடிக்கிட்டு இருக்கும். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, சினிமா ஷூட்டிங், மெரினா சவாரின்னு அதுங்களுக்கும் வேலை இருக்கு. ராத்திரி ஒரு மணிக்கு மெயின் ரோட்டுல வண்டி பூட்டி ரேஸ் விட்டு போலீஸ்கிட்ட மாட்டற கோஷ்டியும் உண்டு. அது வேற டிபார்ட்மென்ட், நமக்கு வேணாம். நான் போனது ரெண்டு மட்டக்குதிரைகளைப் பார்க்க.

ஆறாத்தூன் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்து. ரெண்டு பைக் எதிரெதிரா வந்தா ஒண்ணு ரிவர்ஸ் போகணும். அந்தச் சந்தோட முட்டுல, தார்ப்பாய் போட்ட கொட்டகையில நிக்குது 'புல்லட்'டும் 'ரோஸி'யும். புல்லட் செவலை, ரோஸி வெள்ளை. ரெண்டும் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலதான் வரும். ரெண்டையும் வளர்க்கறவர் பேரு எதுக்கு, சந்துல எல்லோருக்கும் அவர் 'குதிரைக்கார அண்ணன்'.

"எனுக்கு புல்லட் பைக் வாங்கணும்னு ஆசை தம்பி. துட்டு ஏது? இத்த வாங்கிட்டு அந்தப் பேர வெச்சிட்டேன்" என்கிறார் அண்ணன்.

மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் காதுல இது விழுந்தா சும்மா இருக்க முடியுமா? 1950-களில் இருந்து புல்லட் பைக் செஞ்ச என்ஃபீல்டு ஆலை, இங்கிருந்து கொஞ்ச தூரத்துல, திருவொற்றியூர்ல இருக்கு. அதைத் தாண்டி எண்ணூர் போனா அசோக் லேலண்ட். அங்கே பூட்டற இன்ஜினை எல்லாம் இன்னிக்கும் எத்தனை குதிரைத் திறன்னுதான் கேட்கறோம். ஜேம்ஸ் வாட் போட்ட கணக்குல ஒரு குதிரைத் திறன்னா 746 வாட். புல்லட் 350 பைக்குக்குச் சுமார் 20 குதிரைத் திறன். இந்தப் புல்லட்டுக்கு? ஒரு திறன்கூட முழுசா வராது, மட்டக்குதிரையாச்சே!

மட்டக்குதிரைன்னா ஏதோ குதிரையோட குட்டின்னு நினைக்காதீங்க. முழுசா வளர்ந்ததே அவ்வளவுதான். உலகக் கணக்குப்படி தோள் உயரம் 58 இன்ச்சுக்குள்ள இருந்தா 'போனி'. இன்னும் குள்ளமா 'மினியேச்சர் குதிரை'ன்னு ஒரு சாதி இருக்கு. அமெரிக்காவுல அதுக்குன்னு சங்கமே வெச்சு, 34 இன்ச்சுக்கு மேல வளர்ந்தா 'நீ எங்க ஆள் இல்லை'ன்னு தள்ளி வெச்சிடறாங்க. கின்னஸ்ல ஏறின தம்பெலினா வெறும் 44.5 சென்டிமீட்டர்தான். நம்ம ஊர்ல இந்த மாதிரிக் குட்டைக் குதிரைகளைப் பார்க்கணும்னா ஈரோடு மாவட்டம் அந்தியூருக்குப் போகணும். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுல கூடுற குதிரைச் சந்தை ரொம்பப் பிரபலம். மார்வாரி, கத்தியவாரின்னு ஆளுயரக் குதிரைகளுக்கு நடுவுல மட்டக்குதிரைகளும் விலைக்கு நிக்கும். புல்லட்டும் ரோஸியும் அங்கிருந்து வண்டியேறி வந்தவங்கதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த ரெண்டு பேருக்கும் எதிரி யார் தெரியுமா? பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடிவீடு. ஆயுதம், இட்லி!

ஒரு நாள் முழுக்கக் கொட்டகைப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, புல்லட் வாய்க்குள்ள போனதை எல்லாம் நோட்டுல எழுதலாம்னு ஐடியா. ஆனா, இப்போ அந்தச் சந்துல கட்டுப்பாடு வந்தாச்சு (எப்படின்னு அப்புறம் சொல்றேன்). அதனால 2022-ல் தினமும் யார் யார் என்ன போட்டாங்கன்னு அண்ணனும் சந்து ஜனமும் சொல்லச் சொல்ல எழுதினேன். காலையில எதிர்வீட்டு ஆயா கடை இட்லி, மிச்சம் மீதி ஒரு பத்துப் பதினொண்ணு. ஸ்கூல் போற பசங்க கையில இருந்து பிஸ்கட். டீக்கடையில நேத்து பன் நாலு. மதியம் ரெண்டு வீட்டுச் சோறு, கஞ்சித் தண்ணியோட. சாயங்காலம் தள்ளுவண்டிக்காரர் தர்ற கறுத்த வாழைப்பழம் ஒரு சீப்பு. அமாவாசை, கிருத்திகைன்னா பொங்கல், சுண்டல் எக்ஸ்ட்ரா. பர்த்டே வந்தா கேக்! முதல் துண்டு பர்த்டே பேபிக்கு, ரெண்டாவது துண்டு புல்லட்டுக்கு.

இப்போ நம்ம இன்ஜினீயரிங் மூளையைக் கொஞ்சம் காட்டுவோம். குதிரையைத் தராசுல ஏத்தாமலே எடை சொல்ல ஒரு ஃபார்முலா இருக்கு. மார்புச் சுற்றளவை சென்டிமீட்டர்ல அளந்து, அதை அதாலேயே பெருக்கி, அப்புறம் உடம்பு நீளத்தால பெருக்கி, 11,880-ஆல வகுத்தா கிலோ கணக்குல எடை வரும். துல்லியம் இல்லை, உத்தேசம்தான். தையல் கடை அக்காகிட்ட டேப் கடன் வாங்கினேன். புல்லட்டோட சுற்றளவு 130, நீளம் 115. கால்குலேட்டர் தட்டினா, கிட்டத்தட்ட 164 கிலோ. சும்மா நிக்கற குதிரைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 33 கலோரி போதும். அதாவது புல்லட்டுக்கு 5,400 சொச்சம். மேலே சொன்ன சந்து மெனுவைக் கூட்டிப் பார்த்தேன். மூவாயிரத்தைத் தாண்டுது! அண்ணன் போடற புல்லு, தவிடு, கொள்ளு எல்லாம் இதுல சேர்க்கலை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு பெரியவங்க சொல்வாங்க. இங்கே கொழுத்தவனுக்கு எல்லாமே!

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணே?"ன்னு ஈஸியா கேட்டுட்டேன். அவர் உடனே பதில் சொல்லலை. ரோஸி கழுத்தைத் தட்டிக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னார்.

"லாக்டவுன்ல இந்தச் சந்துதான் தம்பி இதுங்கள காப்பாத்துச்சு."

2020 மார்ச்ல மெரினாவை மூடினாங்க. மறுபடி ஜனங்களுக்குத் திறந்தது அந்த வருஷம் டிசம்பர் மாசம்தான். நடுவுல கல்யாண ஊர்வலம் இல்லை, திருவிழா இல்லை, ஷூட்டிங் இல்லை. அண்ணனுக்கு வருமானம் ஜீரோ. குதிரைக்கு அதெல்லாம் தெரியுமா? வேளாவேளைக்கு வாயைத் திறந்துட்டு நிக்குது. புல்லு வண்டி வரலை, வந்தாலும் வாங்கக் காசு இல்லை. ரெண்டு குதிரையையும் வித்துடலாம்னு ஆள்கூட பேசிட்டாராம். விஷயம் கேள்விப்பட்டு எதிர்வீட்டு ஆயா ஒரு அண்டா கஞ்சியைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. அப்புறம் அடுத்த வீடு. அப்புறம் மாடிவீடு. 2011-ல் இருந்து ரேஷன் அரிசி நம்ம மாநிலத்துல இலவசம். எல்லார் வீட்டிலும் வேலை போயிருந்துச்சு, ஆனா அரிசி இருந்துச்சு. சந்துல எல்லாருமே அரை வயிறு சாப்பிட்ட அந்த ஒன்பது மாசமும் குதிரைங்க பட்டினி கிடக்கலை.

இப்போ சொல்லுங்க. அந்த ஆயாகிட்ட போய், 'இட்லி போடாதே'ன்னு எந்த வாயால சொல்றது?

இன்னொரு கணக்கும் இருக்கு. லத்தி நாத்தம், ஈ, ராத்திரி கனைப்பு, சந்தை அடைச்சுக்கிட்டு நிக்கற கொட்டகை. இதுக்கெல்லாம் யாராவது ஒருத்தர் கார்ப்பரேஷன்ல போய் ஒரு மனு எழுதிப் போட்டா அண்ணன் கதை கந்தல். இதுவரைக்கும் யாரும் போடலை. ஏன்னா, அது 'நம்ம குதிரை'. சோறு போட்டவங்களுக்கு எல்லாம் அதுல ஒரு பங்கு. அந்தப் பங்கை அண்ணன் பிடுங்கினா என்ன ஆகும்னு அவருக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

லாக்டவுன் முடிஞ்சும் சாப்பாடு நிக்கலை. குதிரைங்க மறுபடி மெரினாவுக்குப் போயும் நிக்கலை. ரெண்டு வருஷத்துல புல்லட் கழுத்து மேல கெட்டியா ஒரு கொழுப்பு மேடு. விலா எலும்பைத் தடவினா கைக்குத் தட்டுப்படலை. "ஷோக்கா கீது பாரு எங்க புல்லட்டு"ன்னு சந்துக்கே பெருமை. டெக்ஸாஸ்ல 1983-ல் ஹென்னக்கேன்னு ஒருத்தர், குதிரையோட உடம்புக்கு 1-ல இருந்து 9 வரைக்கும் மார்க் போடற முறையைக் கொண்டுவந்தார். 1-னா எலும்பும் தோலும். 9-னா உருளைக்கிழங்கு மூட்டை. அஞ்சு, ஆறு வாங்கினாத்தான் பாஸ். நம்ம காலேஜ் மாதிரி இல்லை, இங்கே ஒன்பது வாங்கினா ஃபெயில்!

அந்த ஃபெயில் ரிசல்ட் வந்தது 2022 ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. வடசென்னையில ஆடி ஞாயிறுன்னா சொல்லணுமா? தெருவுக்குத் தெரு அம்மன், மைக் செட், அண்டா அண்டாவா கூழ். அன்னிக்கு சந்துல மூணு இடத்துல ஊத்தியிருக்காங்க. மிஞ்சின கூழ் எல்லாம் எங்கே போகும்? புல்லட் பக்கெட்டுக்கு. அண்ணன் ஒரு கல்யாண ஆர்டருக்காக ரோஸியைக் கூட்டிக்கிட்டு வெளியே போயிருந்தார்.

ராத்திரி பதினோரு மணிக்கு வந்து பார்த்தா, புல்லட் தரையை முன்னங்காலால பறிக்குது. திரும்பித் திரும்பித் தன் வயித்தையே பார்க்குது. உடம்பெல்லாம் வேர்வை. படுக்குது, உருளுது, எழுந்துக்குது, மறுபடி உருளுது.

இங்கே ஒரு சின்ன கிளாஸ் எடுத்தே ஆகணும். குதிரை வாந்தி எடுக்காது. 'எடுக்க விரும்பாது' இல்லை, எடுக்கவே முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில சேர்ற இடத்துல இருக்கற தசை வளையம் அவ்வளவு டைட். ஒன்வே வால்வுன்னு வெச்சுக்கங்க. உள்ளே போனது பின்பக்கமாத்தான் வெளியே வரணும். இரைப்பையும் ரொம்பச் சின்னது. பெரிய குதிரைக்கே எட்டுல இருந்து பதினஞ்சு லிட்டர்தான் பிடிக்கும், மட்டக்குதிரைக்கு இன்னும் கம்மி. ஏன்னா, அது ஒரு நாளைக்குப் பதினாலு, பதினஞ்சு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா புல்லு மேயறதுக்காகச் செஞ்ச மெஷின். அதுல ஒரே நேரத்துல மாவுச்சத்தை அண்டாவோட கவிழ்த்தா, சிறுகுடல் தாங்காம அது அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிடும். அங்கே இருக்கற பாக்டீரியாவுக்கு திருவிழா. அமிலம், வாயு, விஷம். வயித்துவலியிலயே குதிரை செத்துப்போகலாம். பிழைச்சாலும் அந்த விஷம் ரத்தத்துல கலந்து குளம்பைப் போய்த் தாக்கும். உள்ளே இருக்கற எலும்பைக் குளம்புச் சுவரோட ஒட்டிப் பிடிச்சிருக்கறது மெல்லிய சதை அடுக்குங்கதான். அது வீங்கிக் கழண்டா, எலும்பு கீழ்ப்பக்கமா திரும்பிடும். லேமினைட்டிஸ்னு பேரு. ஒவ்வொரு அடியும் ஆணி மேல நடக்கற மாதிரி. ஆச்சரியம் என்னன்னா, வயித்துக்குப் போட்ட இட்லி காலைத்தான் முடமாக்கும்!

ராத்திரியோட ராத்திரியா கால்நடை டாக்டர் ஒருத்தர் வந்தார். மூக்கு வழியா டியூப் விட்டு வயித்தைக் காலி பண்ணார். வலிக்கு ஊசி போட்டார். 'இப்போ வயிறு பொழச்சிடும், கால்தான் பயம். நாலு காலையும் ரெண்டு மூணு நாளைக்கு ஐஸ்லயே வெச்சிருக்கணும்'னு சொல்லிட்டுப் போயிட்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு குதிரை நிக்கற அளவுக்கு ஐஸுக்கு எங்கே போறது?

வேற ஊரா இருந்தா கஷ்டம். காசிமேட்டுக்கு இது ஒரு கேள்வியா? அங்கே ராத்திரி ரெண்டு மணிதான் பீக் அவர். பகல்ல கூழ் ஊத்தின அதே வீட்டுப் பசங்க மூணு பேர் ஹார்பருக்குப் போய், மீனுக்குப் போடற உடைச்ச ஐஸை மீன்பாடி வண்டியில அள்ளிட்டு வந்தாங்க. மீன் பெட்டியில ஐஸைக் கொட்டி, அதுக்குள்ள ஒவ்வொரு காலா தூக்கி வெச்சு, ஷிஃப்ட் போட்டு மூணு நாள் நின்னாங்க. ஐஸ் கரையக் கரைய அடுத்த லோடு. இட்லி ஆயா பக்கத்துலயே உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்தாங்களாம்.

புல்லட் பிழைச்சிடுச்சு. குளம்பும் பெருசா கெடலை. ஆனா ஒன்றரை மாசம் வேலை கிடையாது. அண்ணனுக்கு மருந்துச் செலவு, வட்டி, ரோஸி ஒருத்தியோட வருமானம். அந்தக் கணக்கை அவர் சொல்லலை, நானும் கேட்கலை.

ஒரு பிரேக் எடுத்து 700 வருஷம் பின்னாடி போவோமா? தமிழனுக்கும் குதிரைச் சாப்பாட்டுக்கும் உள்ள தகராறு நேத்து வந்தது இல்லைங்க. பாண்டியர் காலத்துல அரபு, பாரசீகப் பக்கத்துல இருந்து கப்பல் கப்பலா குதிரை வந்து காயல் துறைமுகத்துல இறங்குச்சு. 13-ம் நூற்றாண்டு கடைசியில இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, பாண்டிய ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல குதிரை வாங்கறார், வருஷக் கடைசியில நூறுகூட தேறாதுன்னு எழுதி வெச்சிருக்கார். இங்கே குதிரைக்குச் சோத்தோட இறைச்சியும் வேகவெச்சுப் போடறாங்கன்னும் எழுதியிருக்கார். அதே காலத்து பாரசீக எழுத்தாளர் வஸ்ஸாஃப் இன்னும் ஒரு படி மேல. பச்சை பார்லிக்குப் பதிலா வறுத்த பார்லி, வெண்ணெயில பிசைஞ்ச தானியம், குடிக்கக் காய்ச்சின பசும்பால்னு நம்ம ஆளுங்க குதிரையைக் கவனிச்ச விதத்தை அவர் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை விருந்து மாதிரியே இருக்கு! ஒரு குதிரை விலை 220 பொன் தினார்னும் அவர்தான் சொல்றார். அவ்வளவு காசு கொடுத்து வாங்கினது செத்தா அரபு வியாபாரிக்கு என்ன கவலை? அடுத்த கப்பல்ல அடுத்த லோடு. குதிரைக்கு லாடம் அடிச்சு வைத்தியம் பார்க்கத் தெரிஞ்ச ஆள் இல்லாததுதான் காரணம்னு மார்கோ போலோ கட்சி. எனக்கு அந்த வெண்ணெய் மேலயும் ஒரு டவுட் இருக்கு.

ஆக, காயல்பட்டினத்துல வெண்ணெய், ராயபுரத்துல இட்லி. நோக்கம் ஒண்ணுதான்... பாசம்!

புல்லட் தேறினதும் அண்ணன் பாசத்தை எப்படியெல்லாம் தடுத்துப் பார்த்தார்ங்கறது தனிக் கதை. முதல்ல அட்டையில, 'குதிரைக்கு யாரும் எதுவும் தரக் கூடாது'ன்னு எழுதி மாட்டினார். மறுநாளே மாடிவீட்டுல பேச்சுவார்த்தை கட். "நாங்க இன்னா வெசமா வெச்சோம்?"னு ஒரு குரல். அதுக்கு அடுத்த வாரம், அதுவரைக்கும் யார் மூக்குக்கும் எட்டாத லத்தி நாத்தம் திடீர்னு ரெண்டு வீட்டுக்கு எட்ட ஆரம்பிச்சுது. அட்டையைக் கழட்டிட்டார். அடுத்து, வண்டிமாட்டுக்குப் போடற மாதிரி வாய்க்கூடை ஒண்ணு மாட்டிவிட்டார். அது வெளிநாட்டுல எல்லாம் குண்டுக் குதிரைக்குப் போடற நல்ல சாதனம்தான். ஆனா சந்து கொதிச்சுப் போச்சு. "வாயில்லா ஜீவனோட வாயையும் கட்டிட்டியா? நீ நல்லாருப்பியா?" ஸ்கூல் பசங்க அதைக் கழட்டி, பிஸ்கட் ஊட்டி, மறுபடி ஒழுங்கா மாட்டிட்டுப் போனாங்களாம். டெக்னிக்கல் ஸ்கில் செம!

கடைசியில வழி காட்டினது ஒரு வார்த்தை. மட்டக்குதிரைங்க குண்டாயிட்டா உடம்புல இன்சுலின் ஒழுங்கா வேலை செய்யாது, அதனாலயும் குளம்பு கெடும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் அதை அப்படியே சந்துக்கு மொழிபெயர்த்தார்.

"ஆயா... நம்ம புல்லட்டுக்கு சுகர் ஆயா."

அவ்வளவுதான்! சந்தே கப்சிப். ஆயாவுக்கு சுகர். ஆயா தங்கச்சிக்கு சுகர். மாடிவீட்டு சாருக்கு சுகர். டீக்கடைக்காரருக்கு சுகர். லேமினைட்டிஸ்னா யாருக்கும் புரியலை, சுகர்னா குழந்தைக்கும் புரியுது. "அய்யோ பாவம், இந்த வயசுலயேவா?"ன்னு ஆயா இட்லியை அன்னிக்கே நிறுத்திட்டாங்க. அண்ணனுக்கு நிம்மதிப் பெருமூச்சு. எத்தனை நாளைக்கு? ரெண்டே நாள். மூணாம் நாள் காலையில புல்லட் பக்கெட்ல சப்பாத்தி! சுகர்காரங்க சப்பாத்திதானே சாப்பிடணும்?

இதுக்கு மேல தடுக்க முடியாதுன்னு முடிவு பண்ணி, அண்ணன் ரூட்டை மாத்தினார். என்னைக் கேட்டா, இதுதான் மாஸ்டர் ஸ்ட்ரோக். குதிரைக்கு ஒரு நாளைக்கு உடம்பு எடையில நூத்துக்கு ஒன்றரையில இருந்து ரெண்டு பங்கு வரைக்கும் காய்ஞ்ச தீனி போதும். புல்லட்டுக்கு மூணு கிலோ சொச்சம். அந்த மூணு கிலோவை தினமும் காலையில தராசுல நிறுத்து, பாதியைத் தான் போடுவார். மீதிப் பாதி, ஒரு கூடையில போட்டு ஆயா வீட்டுத் திண்ணைக்குப் போயிடும். யாருக்குக் குதிரைக்குக் கொடுக்கணும்னு ஆசையோ, அவங்க ஆயாகிட்ட கேட்டு ஒரு பிடி எடுத்துட்டு வந்து கொடுக்கலாம். ஸ்கூல் போற பசங்களுக்கு ஆளுக்கு ஒரு பிடி. பர்த்டே பேபிக்கு ரெண்டு பிடி. கூடை காலியானா அன்னிக்குக் கடை மூடியாச்சு. ஆயா ரொம்ப ஸ்ட்ரிக்ட்.

சாப்பாட்டோட அளவு மாறலை பாருங்க. கொடுக்கற கைதான் மாறுது. யாரோட பங்கும் போகலை.

"நீதான் ஆயா இன்சார்ஜ்னு சொன்னேன் தம்பி. அப்பாலதான் எல்லாம் செட் ஆச்சி" என்று சிரிக்கிறார் அண்ணன். ஆயாகிட்டயே கேட்டேன். "பின்ன இன்னா கண்ணு, இவன் பாட்டுக்கு வேலைக்குப் போயிடறான். வர்றவன் போறவன் எல்லாம் இன்னாத்தயாவது வாயில திணிச்சா அது இன்னாத்துக்கு ஆவும்?"னு எனக்கே கிளாஸ் எடுக்கறாங்க. பதினோரு இட்லி மேட்டரை நான் கிளப்பவே இல்லை. உயிர் மேல ஆசை இருக்கே!

ஆனா அந்த மூணு கிலோ புல்லு கிடைக்கறது லேசு இல்லை. துறைமுகம் பக்கத்துலயே இருக்கறதால இந்த ஏரியாவுக்கு கார் வரும், கன்டெய்னர்ல உலகமே வரும். புல்லு மட்டும் வராது. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரமா பஸ்ல போய்ப் பாருங்க. வலது பக்கம் அலைக்குப் போட்ட கருங்கல், இடது பக்கம் ஆலைச் சுவர். ஒரு ஆடு மேயக்கூட இடம் தேடணும். கொசஸ்தலை ஆத்துப் பக்கம் போனா கொஞ்சம் பச்சை தெரியும். அங்கேயும் பல வருஷமா அனல் மின்நிலையச் சாம்பல். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கம் இருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படிஞ்சதே, ஞாபகம் இருக்கா? மீனவங்க படகு, வலை எல்லாம் கறுப்பாச்சு. கரையோரப் புல்லும் கறுப்பாச்சு. அதுல இருந்து அந்தப் பக்கத்துப் புல்லுக்கட்டு வந்தா அண்ணன் தொடறதில்லை. செங்குன்றம் பக்கம் இருந்து வர்றதைத்தான் வாங்கறார், விலை கூடுதலா இருந்தாலும். சோறு இலவசமா கிடைக்கிற ஊர்ல புல்லைத்தான் காசு கொடுத்து வாங்கணும். குதிரைக்கு ஏன் சோறு போட்டாங்கன்னு இப்போ புரியுதா?

சாப்பாட்டைக் குறைச்சா மட்டும் போதாது, நடக்கவும் வைக்கணும். அதுக்கு மணல் வேணும். ராயபுரத்துக் குதிரைக்கு ராயபுரத்துல மணல் இல்லை! 1870-கள்ல சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள சுவர் எழுப்ப ஆரம்பிச்சாங்க. தெற்கே இருந்து வடக்கே நகர்ற மணலை அந்தச் சுவர் மறிச்சுது. தெற்குல மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்குல மணல் வராம ராயபுரம் கரையைக் கடல் அரிச்சுது. அதான் இங்கே கருங்கல்லு. அதனால சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணன் ரெண்டு குதிரையையும் கையில பிடிச்சுக்கிட்டு, ராஜாஜி சாலை வழியா, நேப்பியர் பாலம் தாண்டி, ஆறேழு கிலோமீட்டர் நடந்தே மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போறார். அங்கே ஒரு குழந்தையை ஏத்தி ஒரு ரவுண்டு. புல்லட் மேல பெரியவங்களை ஏத்தறதே இல்லை. "ஃபோட்டோ மட்டும் எடுத்துக்க சார், ஏறாத"ன்னு சொல்லிடறார்.

மெரினாவுல புதுப் பிரச்னை. சுண்டல், பஜ்ஜி, பொரி, மாங்காய்... வாங்கித் தின்ன ஆயிரம் பேர், ஊட்டிவிட ஆயிரம் கை. அங்கே ஆயா கிடையாது. அதுக்கு அண்ணன் பாக்கெட்டுல நீளமா, விரல் மாதிரி வெட்டின கேரட் வெச்சிருக்கார். யாராவது பஜ்ஜியை நீட்டினா, அதைப் பக்குவமா தன் கையில வாங்கிக்கிட்டு, பதிலுக்கு ஒரு கேரட் துண்டைக் கொடுத்து, 'உள்ளங்கையை விரிச்சு வெச்சுக் கொடு பாப்பா, விரலை மடக்காதே'ன்னு சொல்லித் தர்றார். குழந்தைக்கும் சந்தோஷம், குதிரைக்கும் சந்தோஷம். பஜ்ஜி? "அத்த நான் துன்னுடுவேன். எனுக்கு இன்னும் சுகர் வரல!"

ஆடி ஞாயித்துக்கிழமை இன்னும் சந்துல மூணு இடத்துல கூழ் ஊத்தறாங்க. அன்னிக்கு மட்டும் ஆயா, கூழ் வாங்கக்கூடப் போறதில்லை. யாராவது கொண்டுவந்து கொடுத்தா குடிக்கறாங்க. காலையில இருந்து ராத்திரி மைக் செட் நிக்கற வரைக்கும், கொட்டகை வாசல்ல நாற்காலி போட்டு, கையில ஒரு தென்னைமட்டையோட உட்கார்ந்திருப்பாங்களாம்.

"யாராச்சும் சொம்ப எடுத்துக்கினு இந்தப் பக்கம் வரட்டும், பாத்துக்கறேன்!"